மாலை ஏழு மணிப் பதவியேற்பு

ஏழுதிட்டுக் குடியரசின் புதிய தலைவராகப் பூவராகன் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வந்தபோது, அவருடைய மனைவி அம்புஜவல்லி படகுத்துறையில் நின்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், அது பிரேக் இல்ல. படகுக்குப் பிரேக்கே கிடையாது. எத்தன தடவ சொல்றது? காலத் தூக்குங்க, அது என் டிபன் பாக்ஸ்!"

அம்புஜம் படகு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி பெருந்திட்டுத் தீவில் பேர்போனது. தீவுக்குத் தீவு படகில் போய்வருகிற நாட்டில் அவளிடம் திட்டு வாங்காமல் யாரும் லைசென்ஸ் வாங்கியதில்லை. அவளுடைய கணவர் நேர் எதிர். பூவராகன் வானொலியில் வானிலை வாசிப்பவர். மணி அடித்ததுபோன்ற குரல். புயல் வருகிறது என்று வாசிக்கும்போது, "எல்லாரும் பத்திரமா இருங்கப்பா" என்று செய்தியில் இல்லாத ஒரு வரியைத் தானாகச் சேர்த்துக்கொள்வார். மேலதிகாரிகள் கண்டித்தும் விடவில்லை. அந்த ஒரு வரிக்காகவே மக்கள் அவரைத் தேர்தலில் இழுத்துவிட்டு ஜெயிக்கவும் வைத்தார்கள்.

பூவராகனுக்குப் பல்லி என்றால் பயம். காற்று என்றால் பயம். அம்புஜத்தின் அண்ணன் கோவர்த்தனன் என்றால் அதைவிடப் பயம். தேர்தலில் நிற்க மாட்டேன் என்று சொல்லப் பயந்துதான் நின்றார். இப்படிப்பட்டவர் தலைவரானால் என்ன ஆகும் என்ற கவலை யாருக்கும் இல்லை. அந்தக் கவலையைப் போக்கத்தான் உறுதிமுடி வந்திருந்ததே.

பதவியேற்பு ஒத்திகைக்குப் போன அன்றுதான் அம்புஜம் அதை முதலில் பார்த்தாள். வெல்வெட் மேசைமேல் ஒரு வெள்ளை ஹெல்மெட். அதைச் செய்த டாக்டர் ஷமீமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விளக்கினார்.

"இதுவரைக்கும் இருந்த தலைவர்கள் எல்லாரும் உறுதிமொழி எடுத்தாங்க மேடம். 'அச்சம் இன்றி, சார்பு இன்றி, விருப்பு இன்றி, வெறுப்பு இன்றி'ன்னு அழகா சொன்னாங்க. சொல்லி முடிச்ச கையோட முதல் தலைவர் மச்சானுங்க மூணு பேருக்கும் மந்திரி பதவி குடுத்தாரு. அடுத்தவரு தனக்கு ஓட்டுப் போடாத தீவுக்குத் தண்ணிக் குழாயப் பிடுங்கினாரு. வாயால சொல்றதுக்கு என்ன அர்த்தம்னு பாராளுமன்றமே கேட்டுச்சு. அதான் இது. அவர் சொல்றத இது காதால கேக்கும். 'அச்சம் இன்றி'ன்னு சொன்னதும் மூளையில அச்சத்துக்கான குழாய மூடிடும். மத்த மூணும் அப்படித்தான். அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி திறந்து விட்டுடுவோம்."

"வலிக்குமா?" என்று கேட்டார் பூவராகன்.

"வலிக்காது சார். வலிச்சாலும் பயமா இருக்காது."

அம்புஜம் ஹெல்மெட்டை விரலால் தட்டிப் பார்த்தாள். "டாக்டர், விருப்புன்னா எந்த விருப்பு?"

"எல்லா விருப்பும்தான்."

"என்மேல உள்ளதுமா?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு கழற்றி மறுபடியும் துடைத்தார். "மேடம், மெஷினுக்குப் பொண்டாட்டி எது, தக்காளிச் சட்னி எதுன்னு தெரியாது."

வீடு திரும்பும் படகை அம்புஜம்தான் ஓட்டினாள். துறை நெருங்கியபோதுதான், "வேணாம்னு சொல்லிடுங்களேன்" என்றாள்.

"எப்படிச் சொல்றது? ஜனங்க கோவிச்சுக்குவாங்க அம்புஜம். எனக்குப் பயமா இருக்கு."

"அந்தப் பயத்தத்தான் எடுக்கப் போறாங்களே, எடுத்தப்புறம் சொல்லுங்க."

"எடுத்தப்புறம் உன்னப் பிடிச்சிருக்குன்னு எனக்கு எப்படி ஞாபகம் வரும்?"

அம்புஜம் கயிற்றை எடுத்துப் படகைத் துறையில் கட்டினாள்.

பதவியேற்பு விழா பாராளுமன்ற முற்றத்தில் நடந்தது. அம்புஜம் பட்டுப்புடவையில் முதல் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் அண்ணன் கோவர்த்தனன், துறைமுக ஒப்பந்தம் தனக்குத்தான் என்கிற முகத்தோடு. தலைமை நீதிபதி மரியசிங்கம் மூட்டுவலியோடு படியேறி வந்து வாசகத்தைப் படித்தார். வெள்ளை ஹெல்மெட்டை அணிந்திருந்த பூவராகன் கூட்டத்தில் மனைவியைத் தேடிக் கண்டுபிடித்து, பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர்போலச் சிரித்தார்.

"அச்சம் இன்றி" என்றார். முதுகு நிமிர்ந்தது.

"சார்பு இன்றி" என்றார். தலை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது.

"விருப்பு இன்றி" என்றார். அந்த நொடியில் அவர் அம்புஜத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகும் அங்கேதான் பார்த்தார். ஆனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் எதிர்ச்சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்ப்பதுபோல இருந்தது.

"வெறுப்பு இன்றி" என்று முடித்ததும் ஹெல்மெட்டின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பீரங்கி வெடித்தது. வழக்கமாக ஊசிவெடிக்கே காதைப் பொத்திக்கொள்கிற மனிதர் இமைக்கவில்லை.

அன்றிரவு அம்புஜம் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு, பிடிக்காத பாகற்காய்ப் பொரியல் இரண்டையும் வைத்தாள். சோதனைதான். அவர் இலையின் இடது ஓரத்திலிருந்து வரிசையாக எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்.

"எப்படி இருக்கு?"

"குழம்பில் உப்பு சற்று அதிகம். பாகற்காய் சரியான பதம். சமைத்தமைக்கு நன்றி, குடிமகள் அம்புஜவல்லி."

வீட்டிலேயே அவர் செய்தி வாசிக்கிற தமிழில் பேச ஆரம்பித்திருந்தார். சுவரில் பல்லி ஒன்று ஊர்ந்தது. எழுந்து போய் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய இடத்திலேயே ஒட்டவைக்க முயன்றார். அம்புஜம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாடு என்னவோ பிரமாதமாக நடந்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. எல்லாத் தீவுக்கும் தண்ணீர் வந்தது. கோவர்த்தனனுடைய ஒப்பந்த மனு மற்ற மனுக்களோடு வரிசையில் போய் நின்றது. நம் நாடு ஒரு போரும் செய்யாத நிலையில் தங்கள் நெஞ்சில் இத்தனை பதக்கங்கள் எப்படி வந்தன என்று தலைவர் கடற்படைத் தளபதியை எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அம்புஜத்தின் மாணவர்கள் படகுத்துறைக் கட்டையை உடைத்ததற்காகப் பயிற்சிப் பள்ளியை ஒரு மாதம் மூட உத்தரவும் போட்டார். அந்த உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'இந்த ஆசிரியையின் வாய் மோசம், எனினும் இவரைவிடச் சிறந்த படகு ஆசிரியை இந்நாட்டில் இல்லை.'

அம்புஜம் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தாள். முன்பெல்லாம் பூவராகன் அவள் செய்யும் எல்லாவற்றையும் புகழ்வார். கருகிய தோசையைக்கூட. பிடித்தவர் புகழ்வதைவிட, பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்றே தெரியாத ஒருவர் புகழ்ந்தது அவளுக்குள் எங்கோ இனித்தது. அது இனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. உத்தரவை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அழுதாள்.

பள்ளி மூடியிருந்ததால் நேரம் நிறைய இருந்தது. திங்கட்கிழமை மக்கள் குறைகேட்பு நாள். அம்புஜம் போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றிப் புகார் சொன்னார். தலைவர் ஆட்டின் தரப்பையும் விசாரிக்கச் சொன்னார்.

"அடுத்தவர். பெயர்?"

"அம்புஜவல்லி."

"குறை?"

"என் புருஷனக் காணோம்."

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

"பதவியேற்பு விழாவுல. 'சார்பு இன்றி'ன்னு சொல்ற வரைக்கும் இருந்தாரு. அடுத்த வார்த்தையில ஆளக் காணோம்."

செயலாளர் ஓடிவந்து தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் கையமர்த்தினார். "இவர் என் மனைவி என்பதற்காக இவர் மனுவை நான் ஒதுக்கினால் அது ஒருதலைச் சார்பு. விசாரித்தே ஆகவேண்டும்." அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"அரசு ஒருவர் நிலத்தை எடுத்தால் அவர் சம்மதம் கேட்கிறோம். தலைவர் தம்முடைய விருப்பை நாட்டுக்குக் கொடுத்தார். ஆனால் அது அவருடையது மட்டும்தானா? பாதி இந்த அம்மையாருடையது. கூட்டுச் சொத்தை ஒரு பங்காளி மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செல்லாது. ஆகவே தலைவர் செய்தது தவறு. அவருக்குக் கண்டனம் தெரிவிக்கப்படுகிறது."

"சார்... தலைவர் நீங்கதான் சார்" என்றார் செயலாளர்.

"தெரியும். கண்டனத்தை அவரிடம் சேர்த்துவிட்டேன். மேற்கொண்டு உத்தரவு: நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு உறுதிமுடியால் தலைவரின் நான்கு குழாய்களும் திறக்கப்படவேண்டும். அந்த ஒரு மணி நேரம் நாட்டைத் துணைத்தலைவர் கவனிப்பார். ஏழு மணிக்குத் தலைவர் மீண்டும் முறைப்படி பதவியேற்கவேண்டும். திருப்தியா, அம்மா?"

முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டார். அம்புஜம்தான் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திருப்திங்க."

"நல்லது. அடுத்தவர்."

முதல் நாள் மாலை ஆறு மணிக்கு டாக்டர் ஷமீமா குழாய்களைத் திறந்ததும் பூவராகன் திகைத்து நின்றார். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "அம்புஜம்!" என்று அவள் கையைப் பிடித்தார். மறுநொடி அவருடைய முகம் வெளுத்தது.

"கடற்படைத் தளபதியவா அப்படிக் கேட்டேன்? அவர்கிட்டத் துப்பாக்கி இருக்கு அம்புஜம்! உன் பள்ளிக்கூடத்தையா மூடினேன்? பல்லியத் தொட்டேனா? இந்தக் கையாலயா?" சோப்புப் போட்டுக் கைகழுவவே அன்றைக்கு வெகுநேரம் போயிற்று.

மறுவாரத்துக்குள் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆறு மணிக்குப் போனால் தலைவர் இளகியிருப்பார். வீட்டு வாசலில் கூட்டம் நெரிந்தது. லட்டுப் பெட்டியோடு மந்திரிகள், பழத்தட்டோடு ஒப்பந்தக்காரர்கள், எல்லாருக்கும் முன்னால் கோவர்த்தனன்.

"தங்கச்சி, மாப்ளகிட்ட ஒரே ஒரு வார்த்த பேசிட்டுப் போயிடுறேன்."

"அண்ணே, இந்த ஒரு மணி நேரம் நான் கேஸ் போட்டு வாங்கினது. உள்ள யாரும் வரக்கூடாது."

"ரத்த சொந்தம்டீ!"

அம்புஜம் பயிற்சிப் படகின் ஏர்ஹாரனைக் கொண்டுவந்து அண்ணன் காதருகே அழுத்தினாள். மறுநாளிலிருந்து வாசல் வெறிச்சோடியது.

தலைமை நீதிபதி மரியசிங்கம் தினமும் ஏழு மணிக்கு வந்து உறுதிமொழி செய்துவைத்தார். மழைக்காலம் தொடங்கியதும் அவருடைய மூட்டுகள் ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் அம்புஜத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அம்மா, இந்த வேலைய உங்ககிட்ட ஒப்படைக்கச் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா ஒரு சத்தியம் பண்ணணும். ஒரு வார்த்தகூட விடாம அவரச் சொல்ல வைக்கணும். விட்டா மறுபடி சொல்ல வைக்கணும். முடியுமா?"

"முடியுங்க ஐயா" என்றாள்.

அப்படித்தான் ஏழுதிட்டின் தலைவர் தம் சாப்பாட்டு மேசையில், மனைவி சொல்லச் சொல்ல, நாள்தோறும் பதவியேற்கலானார். ஒவ்வொரு மாலையும் அவளே அவரை நான்கு வார்த்தையில் வழியனுப்பினாள். மூன்றாவது வார்த்தைக்கு முன்னால் மட்டும் அவள் குரல் ஒரு கணம் நிற்கும். பூவராகனுக்கு அப்படி ஒரு சிக்கல் இல்லை. உள்ளே எவ்வளவு நடுக்கம் இருந்தாலும் மைக் முன்னால் வந்த வாக்கியத்தைப் பிசிறில்லாமல் சொல்லிப் பழகிய குரல் அது.

இரண்டாம் வருஷம், அக்கரையில் இருந்த பெருநிலக் கூட்டரசு சுறாமேட்டைக் கேட்டது.

சுறாமேடு கடலுக்கடியில் இருக்கிற ஒரு மணல்திட்டு. ஏழுதிட்டு மக்கள் தின்கிற மீனில் பெரும்பகுதி அங்கேதான் கிடைக்கிறது. பெருநிலத்துப் போர்க்கப்பல்கள் அடிவானத்தில் வந்து நின்றன. பேசி முடிக்க ஹரிவல்லபர் என்ற தூதர் வந்து இறங்கினார். அவர் போன நாடெல்லாம் கேட்டதைக் கொடுத்திருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. மிரட்டுவதற்குக் கப்பல், மயக்குவதற்கு அந்த மனிதர்.

பேச்சுவார்த்தைக்கு முந்தின நாள் மாலை, ஆறு மணிக்குப் பூவராகன் ஜன்னல் திரையை விலக்கி அடிவானத்தைப் பார்த்தார். உடனே மூடினார்.

"அம்புஜம், அவங்க கப்பல் நம்ம தீவவிடப் பெருசா இருக்கு. குடுத்துடலாமா?"

"குடுத்துட்டு? மீனவங்க என்ன செய்வாங்க?"

"அதான் எனக்கும் அழுகையா வருது." உண்மையிலேயே அழுதார். அம்புஜம் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர் அவர் பல்லில் பட்டுக் கிடுகிடுத்தது.

"ஏழு மணிக்கு எல்லாம் சரியாயிடும். பயம் போயிடும்" என்றாள்.

"பயம் போகட்டும். நீயும்ல போயிடுற."

ஏழு மணி ஆனது. வாசலருகே காவலர் ஒருவர் வழக்கம்போல வந்து நின்றார். அம்புஜம் ஹெல்மெட்டைக் கணவர் தலையில் மாட்டி வாசகத்தைச் சொன்னாள்.

"அச்சம் இன்றி."

"அ... அச்சம் இன்றி."

"சார்பு இன்றி."

"சார்... சார்பு இன்றி."

"விருப்பு இன்றி."

பூவராகன் இருமினார். செயற்கையான, கேவலமான இருமல். வானொலி நாடகத்தில் அவரை ஏன் நடிக்கவிட மாட்டார்கள் என்பது அம்புஜத்துக்கு அப்போது புரிந்தது. இருமலுக்கு நடுவில் "...இன்றி" மட்டும் கேட்டது.

வார்த்தையை விழுங்கிவிட்டார்.

அவள் நிமிர்ந்தாள். அவர் கண்கள் அவளையே கெஞ்சிக்கொண்டிருந்தன. மறுபடி சொல்லுங்க என்று சொல்லவேண்டும். சத்தியம் செய்திருக்கிறாள். சினிமா விளம்பரத்துக்கே அழுகிற மனிதர், நாளைக்கு அந்தத் தூதர் முன்னால் உருகி உட்கார்ந்துவிட்டால்? சுறாமேடு போய்விடும். ஆயிரம் அடுப்பு அணையும். எல்லாம் தெரிந்திருந்தும், இத்தனை மாதமாகத் தினமும் தன் கையாலேயே அனுப்பிவைத்த மனிதர் ஒரு நாளாவது போக மாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் பார்த்தபோது அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"வெறுப்பு இன்றி" என்று அடுத்ததுக்குப் போனாள்.

"வெ... வெறுப்பு இன்றி."

அவர் எழுந்து நின்றார். காவலர் பார்க்கிறார் என்பதால் நெஞ்சை நிமிர்த்தினார். "நன்றி, குடிமகள் அம்புஜவல்லி." குடிமகள் என்று சொல்லும்போது உதட்டோரம் துடித்தது.

மறுநாள் பேச்சுவார்த்தையை நாடே டிவியில் பார்த்தது. அம்புஜம் படகுத்துறை டீக்கடையில் நின்று பார்த்தாள். பின்னால் ஏதோ இடித்து மரம் முறிகிற சத்தம் கேட்டது. தன் மாணவர்தான் என்று தெரிந்தும் திரும்பவில்லை.

ஹரிவல்லபர் நல்ல உயரம், நரைத்த சுருள்முடி. வந்தவுடன் பூவராகனைக் கட்டிக்கொண்டார். இதுவரை அப்படிக் கட்டிக்கொண்டவர்களைத் தலைவர் தூணைப்போலத் தாங்கிக்கொண்டதுதான் வழக்கம். இன்று திருப்பிக் கட்டிக்கொண்டார். டீக்கடையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

தூதர் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். பூவராகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூதர் ஒரு படகுப்பாட்டு பாடினார். பூவராகன் தாளம் போட்டார். அல்வா வந்தது. பூவராகன் தன் கையாலேயே எடுத்துத் தூதருக்கு ஊட்டிவிட்டார். தானும் ஒரு பெரிய விள்ளல் தின்றார்.

"போச்சு" என்றார் டீக்கடைக்காரர். "கிரீடம் ரிப்பேர் ஆயிடுச்சு. சுறாமேடு போச்சு."

தூதர் ஒப்பந்தத்தை மேசைமேல் மெல்ல நகர்த்தினார். பூவராகன் அதைப் பார்த்தார். பிறகு தூதரின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்றார். செய்தித் தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது. "இப்படி ஒரு மனுஷனுக்கு இல்லைன்னு சொல்றது எனக்குத் தாங்க முடியல. ஆனா இல்ல. சுறாமேடு கிடையாது. நாளைக்கு வந்து கேட்டாலும் கிடையாது. நீங்க தினமும் வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. ஆனா கிடையாது." சொல்லிவிட்டுத் தேம்பினார். கையை மட்டும் விடவில்லை.

தூதர் திறந்த வாயை மூடவில்லை. மிரட்டுகிறவர்களுக்கும் கெஞ்சுகிறவர்களுக்கும் அவரிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. சற்று நேரத்தில் அவர் கண்ணும் கலங்கியது. மாலைக்குள் கப்பல்கள் திரும்பிப் போயின. தூதர் போகும்போது மிச்ச அல்வாவைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை ஆறு மணிக்குத் தலைமை நீதிபதியே நேரில் வந்தார். கூடவே டாக்டர் ஷமீமா. பூவராகன் சோபாவில் அமர்ந்திருந்தார். துறைமுக ஒப்பந்தத்துக்குச் சிபாரிசு தேடியதற்காகக் கோவர்த்தனன்மேல் எடுக்கவேண்டிய நடவடிக்கையைப் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

"அம்மா, நேத்து ஒரு வார்த்தையும் விடாம சொல்ல வச்சீங்களா?" என்று கேட்டார் மரியசிங்கம்.

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. அம்புஜம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இல்லைங்க ஐயா. 'விருப்பு'ங்கிறத விழுங்கிட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன். அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான்தாங்க இருமினேன்" என்று முன்னால் வந்தார் பூவராகன். "அவ மேல தப்பில்ல. மத்த மூணையும் ஒழுங்காத்தான் சொன்னேன்."

டாக்டர் ஷமீமா ஹெல்மெட்டை மடியில் வைத்து மடிக்கணினியோடு இணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புருவம் ஏறியது.

"சார், நேத்துப் பச்சை விளக்கு எரிஞ்சுதா?"

பூவராகன் மனைவியைப் பார்த்தார். அம்புஜம், "நான் விளக்கப் பாக்கலையே. அவரத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

"எரிஞ்சிருக்காது. மெஷின் நேத்து ஒரு வார்த்தையையும் எடுத்துக்கல. யாராவது மிரட்டிச் சொல்ல வச்சா செல்லக்கூடாதுன்னு, குரல் நடுங்கினா நின்னுடுற மாதிரி நான்தான் வச்சேன். மத்த நாள்ல உங்க குரல் நடுங்கினதே இல்ல. நேத்து முதல் வார்த்தையிலேயே நடுங்கியிருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா நாலு குழாயும் திறந்தேதான் இருந்துச்சு சார். நேத்து ஆறு மணியிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும்."

பூவராகன் மெல்லச் சோபாவில் உட்கார்ந்தார். "அப்ப... இன்னிக்கு எனக்குப் பயமாவா இருந்துச்சு?"

"அது உங்களுக்குத்தான் தெரியணும்."

"நெஞ்சு படபடன்னு அடிச்சுது. கால் ரெண்டும் மேசைக்கடியில ஆடிச்சு. எனக்குத்தான் பயமே கிடையாதே, அதனால அல்வா ஒத்துக்கலன்னு நெனச்சேன்." அடிவானத்தில் நின்ற கப்பல்கள் அப்போதுதான் முழுசாக நினைவுக்கு வந்தன போலும். "அய்யோ, அம்மா" என்று முனகிப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். அம்புஜம் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

அவர் கண் விழிக்கும்வரை மரியசிங்கம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சட்டப்படி நேத்து ஏழு மணியிலிருந்து இந்த நாட்டுக்குத் தலைவரே இல்ல. பதவியேற்காத ஒருத்தர்தான் இன்னிக்குச் சுறாமேட்டக் காப்பாத்தியிருக்காரு. இத எப்படித் தீர்ப்பெழுதறதுன்னு எனக்குத் தெரியல. அம்மா, உங்கமேல நடவடிக்கை எடுக்கணும். மூட்டுவலி குறையட்டும், எடுக்கறேன். முதல்ல இவருக்குப் பதவிப் பிரமாணம் ஆகணும்."

டாக்டர் ஹெல்மெட்டை நீட்டினார். நீதிபதி அதை வாங்கித் தன் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"இது இல்லாமலா சார்?" என்றார் டாக்டர்.

"வாசகம்தான் முதல்ல வந்துச்சு டாக்டர். இது பின்னால வந்தது. பாராளுமன்றம் என்ன சொல்லுதுன்னு நாளைக்குப் பாத்துக்கலாம். எழுந்திருங்க, பூவராகன். இன்னிக்கு ஒரு வார்த்தையும் விழுங்கக்கூடாது."

பூவராகன் எழுந்தார். பக்கத்தில் நின்ற மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அச்சம் இன்றி" என்று தொடங்கினார் நீதிபதி.

"அச்சம் இன்றி" என்றார் பூவராகன். அவர் பிடித்த பிடியில் அம்புஜத்தின் கண்ணாடி வளையல்கள் இரண்டு உடைந்தன. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.